சிப்பி தின்னும் மீனுக்கு எந்தக் கரையில் என்ன பெயர்? ஃபிஷ்பேஸ் பெயர்ப் பட்டியல்: ஒரு மொழிபெயர்ப்பாளரின் மதிப்புரை

சிப்பி வளர்ப்பவர்களுக்கான கையேடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். கையேடு எந்தக் கடற்கரையிலிருந்து வந்தாலும் அதில் ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும்: வளர்த்த சிப்பியைத் தின்றுவிட்டுப் போகும் உயிரினங்கள். நண்டு, நட்சத்திர மீன், சங்கு என்று வரும் வரை வேலை தடையில்லாமல் ஓடும். மீன்கள் வரும் பக்கத்தில்தான் வேகம் குறையும். எழுதியவர் தன் கரையில் புழங்கும் பெயரைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். அதே பெயர் வேறொரு கரையில் வேறொரு மீனுக்கு வழங்கும். கூண்டு வலையின் கண்ணி எவ்வளவு இருக்கவேண்டும், குஞ்சுச் சிப்பியை எந்தப் பருவம் வரை மூடிவைக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த மீனின் வாயையும் பல்லையும் பொறுத்தவை. பெயரில் பிழை வந்தால் வளர்ப்பவரின் முதலீட்டிலும் அது தெரியும்.

இந்தப் பக்கங்களுக்காக நான் திரும்பத் திரும்பப் போவது உலக மீன்களைப் பற்றிய தகவல் தொகுப்பான ஃபிஷ்பேஸ் இணையதளத்துக்கு. அதன் எல்லாப் பகுதிகளையும் இங்கே மதிப்பிடப் போவதில்லை. வட்டாரப் பெயர்ப் பட்டியலைப் பற்றியும், சிப்பி, மட்டி, நத்தை தின்னும் மீன்களைத் தேடும் ஒருவருக்கு அது எப்படிக் கைகொடுக்கிறது என்பதைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைவிட நல்ல பெயர்ப் பட்டியல் மீன்களுக்கு எங்கும் கிடையாது. ஆனால் பெரும்பாலானோர் அதன் மிகச் சிறந்த பகுதியைத் திறந்தே பார்ப்பதில்லை.

தளத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980களின் இறுதியில் டேனியல் பாலி, ரைனர் ஃப்ரோசே என்ற இரு மீன்வள அறிவியலாளர்கள் பிலிப்பைன்ஸில் தொடங்கிய வேலை இது. முதலில் குறுந்தகடாக வந்தது, 1996இல் இணையத்துக்கு வந்தது. இன்று 35,000க்கும் மேற்பட்ட மீனினங்களும், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டாரப் பெயர்களும் அதில் இருக்கின்றன. கட்டணம் இல்லை, உறுப்பினராகச் சேரவேண்டியதும் இல்லை.

ஒரு மீனின் பக்கத்தைத் திறந்தால் மேலே அறிவியல் பெயரும் அதனருகே ஓர் ஆங்கிலப் பெயரும் பெரிதாகத் தெரியும். பலர் அந்த ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சற்றுக் கீழே வட்டாரப் பெயர்களுக்கென்று தனி இணைப்பு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் நீளமான அட்டவணை வரும். ஒவ்வொரு வரியிலும் பெயர், அது எந்த நாட்டில் வழங்குகிறது, எந்த மொழி, எந்த வகைப் பெயர் என்பவை இருக்கும். மக்கள் வாயில் புழங்கும் பெயரா, சந்தைக்கென்று வைத்ததா, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தரும் பெயரா என்பதை அந்தக் கடைசிப் பத்தி சொல்லும். பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்ற ஆதாரத்தையும் பார்க்கலாம். நான் மதிப்பது இந்த ஒழுங்கைத்தான். எந்தப் பெயரையும் தனியாக நிறுத்தாமல் அதன் நாட்டோடும் மொழியோடும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று காட்ட 'ஷீப்ஸ்ஹெட்' ஒன்றே போதும். செம்மறியாட்டின் தலை என்று பொருள்படும் பெயர். வட அமெரிக்கச் சிப்பிக் கையேடுகளில் அடிக்கடி வருவது. தேடல் கட்டத்தில் இட்டால் ஒரு மீனோடு நிற்காது. முதலில் வரவேண்டியது ஆர்க்கோசார்கஸ் ப்ரோபட்டோசெஃபாலஸ். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரேசில் வரை அட்லாண்டிக் கரையோரம் வாழ்வது. உடலில் ஐந்து முதல் ஏழு கரும்பட்டைகள் குறுக்கே ஓடும். சிறைக்கைதியின் கோடுபோட்ட சட்டையை நினைத்து 'கன்விக்ட் ஃபிஷ்' என்றும் அதை அழைப்பார்கள். வாயைத் திறந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முன்னே மனிதப் பல் போன்ற வெட்டுப்பற்கள், உள்ளே வரிசை வரிசையாகக் கடைவாய்ப் பற்கள். பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு, சிப்பி, நண்டு எதுவானாலும் ஓட்டை நொறுக்கிவிடும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருக்கும் ஷீப்ஸ்ஹெட் பே இந்த மீனின் பெயரைத் தாங்கிய ஊர்தான்.

அடுத்து அதே பெயரில் வருவது அப்லோடினோட்டஸ் க்ரன்னியன்ஸ், நன்னீர் மீன். அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழ்பவர்களிடம் ஷீப்ஸ்ஹெட் என்றால் இதுதான் நினைவுக்கு வரும். இதற்குத் தொண்டையில் அரைக்கும் பற்கள் உண்டு. அந்த ஏரிகளில் வந்து பெருகிய வரிக்குதிரைச் சிப்பிகளை இது தின்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூன்றாவது பசிபிக் கரையில், கலிஃபோர்னியாவில். பெயரில் ஓர் எழுத்து குறைந்து 'ஷீப்ஹெட்' ஆகிவிடும், ஆனால் பேச்சில் பலர் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. செமிகாசிஃபஸ் புல்கர் என்ற இந்த மீன் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பெண்ணாகத் தொடங்கிப் பின்னால் ஆணாக மாறும். வளர்ந்த ஆணுக்குத் தலையும் வாலும் கருப்பு, நடுவுடல் சிவப்பு, தாடை வெள்ளை. கடல் முள்ளெலியையும் சிப்பியையும் நண்டையும் தின்னும்.

மூன்று மீன்கள், மூன்று குடும்பங்கள், மூன்றுமே ஓட்டை உடைத்துத் தின்பவை. 'சிப்பி தின்னுமா என்று பார்த்தால் எது சரியான மீன் என்று தெரிந்துவிடும்' என்ற வழக்கமான யோசனை இங்கே உதவாது. மூன்றுக்கும் விடை ஆம் என்றே வரும். கையேடு எந்தக் கரையில் எழுதப்பட்டது என்பதும், பட்டியலில் அந்தப் பெயர் எந்த நாட்டுக்கு எதிரே நிற்கிறது என்பதும்தான் விடை. இங்கே மூன்றுமே ஒரே நாட்டுக்குள் வருகின்றன. அதனால் பெயர்ப் பட்டியலோடு பரவல் வரைபடத்தையும் திறக்கவேண்டும். ஒன்று அட்லாண்டிக், ஒன்று உள்நாட்டு நீர், ஒன்று பசிபிக் என்று வரைபடம் உடனே பிரித்துக் காட்டிவிடும். தேடலில் இதே சொல்லோடு ஒரு குட்டி உவர்நீர் மீனும் எட்டிப்பார்க்கும், ஷீப்ஸ்ஹெட் மின்னோ. விரல் நீளம்கூட இல்லாத அது கூண்டுச் சிப்பியை ஒன்றும் செய்யாது.

இந்தக் குழப்பம் இணையக் காலத்தில் பிறந்ததும் அல்ல. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் 'டாட்டாக்' என்ற மீன் உண்டு. பெயர் நாரகன்சட் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. 1643இல் அந்த மொழியின் சொற்களைத் தொகுத்து அச்சிட்ட ரோஜர் வில்லியம்ஸ் 'டாட்டாவாக்' என்ற சொல்லுக்கு நேராக எழுதிய ஆங்கிலப் பொருள் 'ஷீப்ஸ்ஹெட்ஸ்' என்பதே. டாட்டாக் வேறு குடும்பம், ஷீப்ஸ்ஹெட் வேறு குடும்பம். தடித்த உதடு, ஓட்டை நொறுக்கும் பல், பாறையோர வாழ்க்கை ஆகியவற்றைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் தமக்குத் தெரிந்த பெயரை ஒட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குடியேறியவர்கள் மீனுக்குப் பெயர் வைத்த இடமெல்லாம் இதைப் பார்க்கலாம்.

டாட்டாக்குக்கு நியூயார்க் பக்கத்தில் 'பிளாக்ஃபிஷ்' என்ற பெயரும் உண்டு, கருப்பு மீன். இந்தச் சொல்லை ஃபிஷ்பேஸில் தேடினால் டாட்டாக் வரும், ஆஸ்திரேலியாவின் லூடெரிக் வரும், அலாஸ்கா பிளாக்ஃபிஷ் என்ற நன்னீர் மீன் வரும், ஆஸ்திரேலிய ஆற்று மீன்களும் வரும். சிட்னியில் ஒருவர் பிளாக்ஃபிஷ் பிடிக்கப்போகிறேன் என்றால் அவர் தூண்டிலில் கடற்பாசி கோத்திருப்பார். லூடெரிக் பெரும்பாலும் பாசி மேயும் மீன். நியூயார்க்கில் ஒருவர் அதே சொல்லைச் சொன்னால் அவருடைய தூண்டிலில் நண்டு இருக்கும். ஷீப்ஸ்ஹெட்டில் உணவுப் பழக்கம் உதவவில்லை, இங்கே முழுக்க உதவுகிறது. சிப்பிக் கூண்டைச் சுற்றி வரும் லூடெரிக் கூண்டில் படிந்த பச்சைப் பாசியைத்தான் நாடும். அதை எதிரி என்று மொழிபெயர்த்துவிட்டால் பாவம் அந்த மீன், தேவையில்லாத வலைக்குச் செலவு செய்யும் வளர்ப்பவரும் பாவம்.

அதனால் பெயர்ப் பட்டியலை நான் தனியாகப் பயன்படுத்துவதில்லை. அதே மீனின் பக்கத்தில் உணவு பற்றிய இணைப்பும் இருக்கிறது. அதைப் பக்கத்திலேயே இன்னொரு தாவலில் திறந்து வைத்துக்கொள்வேன். அங்கே உணவை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் கடல்தரை உயிரினமா, மீனா, பாசியா என்பது. கடல்தரை உயிரினம் என்றால் அடுத்த படியில் மெல்லுடலியா, ஓட்டுடலியா என்பது. மெல்லுடலி என்றால் இருபக்க ஓடுள்ள சிப்பியா, நத்தையா என்பது. தமிழுக்கு மொழிபெயர்ப்பவருக்கு இது பெரிய உதவி. ஆங்கிலக் கையேடு 'ஷெல்ஃபிஷ்' என்ற ஒரே சொல்லுக்குள் சிப்பி, மட்டி, நண்டு, இறால் எல்லாவற்றையும் அடக்கிவிடும். நமக்கு அப்படி ஒரே சொல் இல்லை. இருப்பதுபோல் ஒன்றை நான் உருவாக்கவும் மாட்டேன், ஏனென்றால் சிப்பி வளர்ப்பவருக்கு இந்த வேறுபாடு பணத்தைத் தொடும் விஷயம். கோபியா என்ற கடல் விராலுக்கு ஆங்கிலத்தில் 'கிராப் ஈட்டர்' என்றே ஒரு பெயர் உண்டு. ஷெல்ஃபிஷ் தின்பவை என்ற வகையில் அதையும் சேர்த்துவிடுகிறார்கள். அது விரும்புவது நண்டும் சிறு மீனும் கணவாயும். நண்டோ குஞ்சுச் சிப்பியின் பெரிய எதிரி. கடல் விராலைப் பார்த்து வளர்ப்பவர் பயப்படவேண்டியதில்லை.

பிளாக் டிரம் மீனை இங்கே விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் சிப்பி வளர்ப்பவர்கள் அஞ்சும் மீன் என்றால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும். தாடைக்குக் கீழே மீசை தொங்கும். காற்றுப்பையை அதிரவைத்து முரசு போல ஒலி எழுப்புவதால் 'டிரம்' ஆயிற்று. தொண்டைக்குள் இருக்கும் அரைவைப் பற்களால் முழுச் சிப்பியையும் நசுக்கிவிட்டு ஓட்டைத் துப்பிவிடும். குட்டியாக இருக்கும்போது இதன் உடலில் நாலைந்து கரும்பட்டைகள் இருக்கும், ஷீப்ஸ்ஹெட் என்று பார்ப்பவர் நினைக்கும்படி. மீசை இருக்கிறதா என்று பார்த்தால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். குட்டிக்கு 'பப்பி டிரம்' என்று ஒரு பெயர். சிக்கல் என்னவென்றால் அதே பெயரை ரெட் டிரம் என்ற வேறொரு மீனின் குட்டிக்கும் சொல்வார்கள்.

பிளாக் டிரம் கதையில்தான் ஃபிஷ்பேஸின் ஒழுங்கு எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்று புரிந்துகொண்டேன். அர்ஜென்டினா, உருகுவே கரைகளில் இதே மீன் என்று கருதப்பட்ட ஒன்றுக்கு 'கோர்வினா நெக்ரா' என்று பெயர். பிரேசிலில் 'மிராகுவாயா'. நெடுங்காலம் இந்தப் பெயர்களெல்லாம் போகோனியாஸ் க்ரோமிஸ் என்ற ஒரே அறிவியல் பெயருக்குக் கீழே இருந்தன. 2019இல் ஆய்வாளர்கள் தென்னமெரிக்க மீனைத் தனி இனமாகப் பிரித்து போகோனியாஸ் கூர்பினா என்று வைத்தார்கள். பெயர்களை நாடு குறிக்காமல் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும் பட்டியலில் இப்படிப் பிரிவு வந்தால் எந்தப் பெயர் எந்த மீனோடு போகவேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாட்டோடு சேர்த்து எழுதியிருந்தால் அர்ஜென்டினாப் பெயர் அர்ஜென்டினா மீனோடு போய்ச் சேரும். அறிவியல் பெயர் நிலையானது, வட்டாரப் பெயர் நிலையற்றது என்று பள்ளியில் படித்திருப்போம். இந்த இடத்தில் நிலைமை தலைகீழ். ஊர்ப் பெயர் அப்படியே இருக்கிறது, அறிவியல் பெயர்தான் மாறியிருக்கிறது.

நம் கடலுக்கும் இதே கதை உண்டு. புள்ளிபோட்ட உடலும் நீண்ட வாலும் உள்ள குருவித் திருக்கை மட்டியையும் நத்தையையும் தட்டையான பற்களால் நசுக்கித் தின்பது. உலகமெங்கும் ஏட்டோபேட்டஸ் நரிநரி என்ற ஒரே இனம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2010இல் அட்லாண்டிக் மீன் மட்டுமே நரிநரி, இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் இருப்பது ஏட்டோபேட்டஸ் ஒசெல்லேட்டஸ் என்று பிரித்தார்கள். ஆகவே பழைய நூல்களில் நரிநரிக்குக் கீழே இருக்கும் தமிழ்ப் பெயர்கள் உண்மையில் ஒசெல்லேட்டஸுக்கு உரியவை. 'நரிநரி' என்பது தமிழ்க் காதுக்கு வேறு ஏதோ போல் ஒலித்தாலும் அது பிரேசில் பழங்குடிகள் அந்தத் திருக்கைக்கு வைத்திருந்த பெயர். 17ஆம் நூற்றாண்டில் மார்க்கிராஃப் என்ற இயற்கையாளர் அதை எழுதிவைத்தார், பின்னால் வந்தவர்கள் அதையே அறிவியல் பெயராக்கிவிட்டார்கள். ஒரு கரையின் ஊர்ப் பெயர் உலகம் முழுவதற்கும் போய், பின் மறுபடி தன் கரைக்கே திரும்பியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

மன்னார் வளைகுடா முத்துச்சிலாப (முத்துக்குளிப்பு) ஆவணங்களைப் புரட்டுபவர்களுக்கும் இந்த வேலை பயன்படும். 1902இல் ஹெர்ட்மன் என்ற பிரித்தானிய அறிவியலாளர் இலங்கை அரசுக்காக முத்துச்சிப்பிப் பார்களை, அதாவது சிப்பிப் படுகைகளை, ஆராய வந்தார், உதவியாளராக ஹார்னெல் இருந்தார். அவர்களுடைய அறிக்கைகளில் முத்துச்சிப்பியை அழிக்கும் மீன்களாகத் திருக்கைகளும் கிளாத்தி வகைகளும் பேசப்படுகின்றன. நூறாண்டுக்கு மேலாகிவிட்டதால் அங்கே உள்ள அறிவியல் பெயர்கள் பலவும் இன்று வழக்கில் இல்லை. ஃபிஷ்பேஸில் பழைய அறிவியல் பெயரை இட்டாலும் இன்றைய பெயரின் பக்கத்துக்குக் கூட்டிச்செல்லும். பிறகு வட்டாரப் பெயர் இணைப்பைத் திறந்து தமிழ், சிங்களம், மலையாளம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயர்களைத் தேடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கின்றன. அதிலும் பல, 1875க்கும் 1878க்கும் இடையே இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய சென்னை மருத்துவர் ஃபிரான்சிஸ் டே காலத்து எழுத்துக்கூட்டல். ஆங்கிலேயர் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியது. குருவித் திருக்கை 'குர்ரூவே டிரிகி' என்று நிற்கும். கண்ணால் படித்தால் அந்நியமாக இருக்கும், வாய்விட்டுச் சொல்லிப்பார்த்தால் புலப்பட்டுவிடும். அதனால் ஒரே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடக்கூடாது. விளமீனுக்கு விள, விளை, வெள என்று எல்லா வடிவத்தையும் முயன்று பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் விளைமீன் என்பார்கள், தமிழகக் கரையில் விளமீன், வெளமீன் என்றெல்லாம் சொல்வார்கள். ல, ள, ழ மூன்றும் ரோமனில் ஒரே எழுத்தாகிவிடுவதையும் மனத்தில் வைத்திருக்கவேண்டும். எதிர்த்திசையில் போவது இன்னும் எளிது: மீனின் அறிவியல் பெயர் தெரிந்தால் பக்கத்தைத் திறந்து, மொழிப் பத்தியில் தமிழ் என்று வரும் வரிகளை மட்டும் படித்தால் போதும். இந்தப் பெயர்கள் தமிழ் எழுத்திலும் ஏறவேண்டும் என்பது என் ஆசை. விவரம் தெரிந்தவர்கள் ஆதாரத்தோடு எழுதி அனுப்பினால் திருத்தங்களை ஏற்கும் தளம் அது. கரையோரத்தில் வளர்ந்தவர்கள், மீன்வளம் படித்தவர்கள் இதைச் செய்யலாம், செய்யவேண்டும்.

மொழிப் பத்தியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிளிமீனைப் பார்க்கலாம். தமிழில் கிளிமீன் என்றால் பவளப்பாறைகளில் அலகு போன்ற வாயால் சுரண்டித் தின்னும் வண்ண மீன். மலையாளத்தில் அதே கிளிமீன் நாம் சங்கரா என்று சொல்லும் மெலிந்த இளஞ்சிவப்பு மீன். ரோமன் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நாடும் ஒன்றுதான், இந்தியா. மொழிப் பத்தி மட்டுமே இரண்டையும் பிரிக்கிறது.

ஐரோப்பியப் பெயர்களுக்கு வருகிறேன். தங்கநிறப் பட்டை இரு கண்களுக்கு நடுவே ஓடும் ஸ்பாரஸ் ஆராட்டா, பிரெஞ்சில் 'டோராட் ருவாயால்', ஸ்பானியத்தில் 'டொராடா', இத்தாலியத்தில் 'ஓராட்டா', கிரேக்கத்தில் 'சிபூரா', துருக்கியத்தில் 'சிபுரா', எகிப்தில் 'டெனிஸ்'. பிரெஞ்சுக் கரையின் சிப்பிப் பண்ணைகளில் கூட்டமாக வந்து நொறுக்கிவிட்டுப் போகும் மீன். 'டொராடா'வின் கடைசி எழுத்து மாறி 'டொராடோ' ஆனால் மீனே மாறிவிடும், சிப்பி பக்கமே வராத நடுக்கடல் வேட்டை மீன் அது. வடகடலின் ஓநாய் மீனுக்குப் பிரெஞ்சில் 'லூ', அதாவது ஓநாய். அதே 'லூ' மத்தியதரைக் கடற்கரையில் கடல் பாஸ் மீன். ஓநாய் மீனின் ஐஸ்லாந்துப் பெயர் 'ஸ்டைன்பீட்டூர்', கல்லைக் கடிப்பது. சிப்பி, சங்கு, முள்ளெலி எல்லாவற்றையும் கடித்துத் தேய்ந்த பற்களை ஆண்டுதோறும் உதிர்த்துப் புதிதாக முளைக்கவைத்துக்கொள்ளும் மீனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்கமுடியாது. ஜெர்மன் மொழியிலும் இதே பொருளில் 'ஷ்டைன்பைசர்' உண்டு, ஆனால் அங்கே ஓர் ஆற்றுக் குறுமீனுக்கும் அதே பெயர் இருக்கிறது.

வளர வளரப் பெயர் மாறும் மீன்களுக்கு ஃபிஷ்பேஸைப் பொறுமையாகப் படிக்கவேண்டும். ஆஸ்திரேலியாவின் ஸ்னாப்பர் சிட்னிப் பக்கத்தில் குட்டியாக இருந்தால் காக்னி, கொஞ்சம் வளர்ந்தால் ரெட் பிரீம், அதற்கு மேல் ஸ்கொயர், முழு அளவில்தான் ஸ்னாப்பர். விக்டோரியாவில் சிறியதைப் பிங்கி என்பார்கள். நியூசிலாந்தில் மாவோரிப் பெயர் டாமூரே. துருக்கியர்கள் சிபுராவின் குட்டியை 'லிடாகி' என்பார்கள். கையேட்டில் ஒரு பக்கத்தில் ஸ்கொயர், அடுத்த பக்கத்தில் ஸ்னாப்பர் என்று வந்தால் இரண்டு எதிரிகள் இருப்பதாகத் தோன்றும். இரண்டும் ஒன்றே. ஆனாலும் மொழிபெயர்ப்பில் ஒரே சொல்லாக்கிவிட முடியாது. சிறியது குஞ்சுச் சிப்பியைத் தின்னும், பெரியது வளர்ந்ததையும் உடைக்கும், வலையின் கண்ணி அதைப் பொறுத்தது. பட்டியலில் ஒரு பெயரைச் சொடுக்கினால் திறக்கும் தனிப் பக்கத்தில் அது குட்டிக்கா, வளர்ந்ததற்கா என்று குறிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ தளங்களுக்கு இந்த யோசனையே வந்ததில்லை. அமெரிக்காவில் ஸ்னாப்பர் என்றால் வேறு குடும்பம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு அப்பால் போகவேண்டிய இடங்களும் உண்டு. ஒரு நாட்டில் விற்பனைச் சிட்டையில் எந்தப் பெயரைப் போடச் சட்டம் அனுமதிக்கிறது என்பது தனிக் கேள்வி. அதற்கு அந்தந்த நாட்டின் பட்டியலே சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013ஆம் ஆண்டின் 1379ஆம் எண் ஒழுங்குமுறைப்படி வணிகப் பெயரோடு அறிவியல் பெயரும் நுகர்வோருக்குத் தெரியவேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு மீன் பெயர்களுக்கென்றே தேசியத் தரநிலை இருக்கிறது. அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகம் வெளியிடும் பட்டியலைப் பார்க்கவேண்டும். சந்தைக்காகச் சூட்டும் பெயர்களில் ஒன்று எனக்கு வருத்தம் தருவது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ரைனோப்டெரா போனேசஸ் என்ற திருக்கை சிப்பிகளை அழிக்கிறது என்ற பேச்சு எழுந்தபோது அதை உணவாக்கி விற்க 'செசபீக் ரே' என்று பெயர் வைத்தார்கள். சுறாக்கள் குறைந்ததால் இந்தத் திருக்கை பெருகி ஸ்கேலப் சிப்பிகளை ஒழித்துவிட்டது என்று 2007இல் வந்த ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அந்த முடிவு தரவுகளோடு பொருந்தவில்லை என்று காட்டினார்கள். ஆண்டுக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும் மீன் அது. எதிரி என்று முத்திரை குத்துவதற்கு முன் அது உண்மையில் என்ன தின்கிறது என்று பார்க்கவேண்டியது என் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் கடமையும்தான். ஃபிஷ்பேஸின் உணவுப் பக்கம் எந்த இடத்தில், யார் பார்த்தது என்ற ஆதாரத்தோடு இருப்பதால் அந்தக் கடமையைச் செய்ய முடிகிறது.

தளத்தின் தோற்றம் பழையதாகத்தான் இருக்கும். அலைபேசியில் நீண்ட அட்டவணைகளைப் படிப்பது கண்ணுக்கு வேலை, கணினியில் திறப்பதே நல்லது. ஒரே தளம் ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளின் முகவரிகளிலும் கிடைக்கிறது, ஒன்று மெதுவாக இருந்தால் இன்னொன்றைத் திறக்கலாம். சிப்பி, சங்கு, நண்டு போன்றவற்றுக்குச் சீலைஃப்பேஸ் என்ற சகோதரித் தளம் இருக்கிறது. தின்பவற்றை இங்கேயும் தின்னப்படுபவற்றை அங்கேயும் தேடிக்கொள்ளலாம்.

தூண்டில் பிடிப்பவர்கள், மீன் வாங்குபவர்கள், பாடநூல் எழுதுபவர்கள், என்னைப் போல மொழிபெயர்ப்பவர்கள் எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். ஒரு பெயரை மட்டும் அவசரமாகத் தெரிந்துகொள்ள விரும்புபவருக்குப் பொதுத் தேடலே போதும். எந்த மீன் என்று முடிவு செய்து அதன் மேல் பணமோ பாடமோ போடப்போகிறவர் இங்கே வரவேண்டும்.

இந்தப் பழக்கத்தால் என் கையேடுகளில் மீன் பெயர் எழுதும் முறையே மாறிவிட்டது. முதலில் நம் கரையில் வழங்கும் பெயர், நம் கடலில் இல்லாத மீன் என்றால் மூலத்தில் இருக்கும் பெயரின் ஒலிபெயர்ப்பு. அடுத்து அந்தப் பெயர் வழங்கும் நாடு, அதன் பின் அறிவியல் பெயர், கடைசியில் எந்த அளவு மீன் எந்த அளவுச் சிப்பியை உடைக்கும் என்ற ஒரு வரி. 'பிளாக்ஃபிஷ், நியூயார்க் கரை, டாட்டோகா ஒனிடிஸ், வளர்ந்த சிப்பியையும் உடைக்கும்' என்று எழுதிவிட்டால் எந்தக் கரையில் இருப்பவரும் அதைத் தன் கடலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள முடியும்.